வாட்ச் ஒரிஜினல்தான், வாரண்டி யாரோடது?

வாட்ச் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு த்ரெட் போடுறார்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, நடுவுல வரும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப் குரூப்லயும் சுவிஸ் வாட்ச் விக்கறவங்க இப்போ நிறைய. "100% ஒரிஜினல், ஃபுல் செட், பாக்ஸ் பேப்பரோட, ஷோரூமை விட 25% கம்மி." பல பேர் சொல்றது உண்மைதான். வாட்ச் ஒரிஜினல்தான், பாக்ஸும் ஒரிஜினல்தான். ஆனா வாட்ச் ஒரிஜினல்ங்கறதும், அதுக்கு கம்பெனி வாரண்டி இருக்குங்கறதும் ரெண்டு வேற விஷயம். வாங்கறவங்க இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கறாங்க. விக்கறவங்க அதைத் திருத்தறதில்லை.

முதல்ல இந்த வாட்ச் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடுவோம். கம்பெனி தன் அங்கீகாரம் பெற்ற டீலருக்கு சரக்கு அனுப்புது. வேகமா விக்கிற மாடல் வேணும்னா, விக்காத மாடலையும் சேர்த்து எடுக்க வேண்டிய நெருக்கடி டீலருக்கு இருக்கும். கண்ணாடிப் பெட்டியில தூங்குற சரக்கை யாராவது மொத்தமா, தள்ளுபடியில, சத்தமில்லாம எடுத்துக்கறேன்னு வந்தா அவர் கொடுத்துடுவார். அது துபாய், சிங்கப்பூர், ஹாங்காங்னு கைமாறி ஒரு ஆன்லைன் கடைக்கோ, உங்க ஊர் இன்ஸ்டா பேஜுக்கோ வந்து சேரும். இதைத்தான் கிரே மார்க்கெட்னு சொல்றாங்க. போலியும் இல்லை, திருட்டுப் பொருளும் இல்லை. கம்பெனி போட்ட பாதையை விட்டு வேற பாதையில வந்த சரக்கு, அவ்வளவுதான். நாட்டுக்கு நாடு வரியும் நாணய மதிப்பும் வேறங்கறதால இந்தப் பாதையில நல்ல லாபம் உண்டு. இந்தியாவுல சுவிஸ் வாட்ச்சுக்கு சுங்க வரியே 20 சதவீதம் இருந்தது, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாலு ஐரோப்பிய நாடுகளோட போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கு. அதனால அந்த சுங்க வரி வருஷா வருஷம் படிப்படியா குறையும். குறையக் குறைய இந்த "25% கம்மி" வியாபாரத்தோட கவர்ச்சியும் குறையும்னு நினைக்கிறேன். பார்ப்போம்.

இப்போ வாரண்டி. பெரும்பாலான பெரிய பிராண்டுகளோட வாரண்டி உலகம் முழுக்க செல்லும். ரோலெக்ஸ் 2015 ஜூலையில இருந்து 5 வருஷம். ஒமேகா 2018 கடைசியில இருந்து 5 வருஷம். கார்ட்டியே, ஐடபிள்யூசி, ஜேஜர் லெகூல்தர் எல்லாம் அடிப்படையில 2 வருஷம், அவங்க தளத்துல பதிவு பண்ணினா 8 வருஷம் வரைக்கும் நீளும். படேக் ஃபிலிப் 2 வருஷம். கேக்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா எல்லா வாரண்டிப் புத்தகத்திலேயும் சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். அங்கீகாரம் பெற்ற டீலர் முறையா நிரப்பின கார்டு இருந்தாத்தான் வாரண்டி செல்லும்.

அந்தக் கார்டுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு சீரியல் நம்பர், வாட்ச்ல இருக்கறதும் கார்டுல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். இன்னொண்ணு தேதி. வாரண்டி நீங்க வாங்கின நாள்ல இருந்து ஓடாது. டீலர் கார்டுல போட்ட தேதியில இருந்து ஓடும். முதல் டீலர் கையை விட்டுப் போன அன்னைக்கே கடிகாரம் ஓட ஆரம்பிச்சாச்சு. வாட்ச் இல்லை, வாரண்டியோட கடிகாரம்.

இங்கதான் என் பேஷன்ட் கதை வருது. அவர் அனுமதியோட எழுதறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பிரஷரும் சுகரும் ரொம்ப வருஷமா, இதயத்துல கொஞ்சம் பிரச்சனை. மாத்திரை ஒரு வேளை தவற மாட்டார், டெஸ்ட் எழுதிக்கொடுத்தா மறுநாளே ரிப்போர்ட்டோட வந்து நிப்பார். அப்படிப்பட்டவர் ரெண்டு தடவை எக்கோவைத் தள்ளிப் போட்டார். "அடுத்த மாசம் எடுத்துக்கலாமா டாக்டர்?" பிரஷர் 170. என்ன சார் ஆச்சுன்னு கேட்டா சிரிச்சு மழுப்பறார். மூணாவது தடவைதான் சொன்னார்.

பொண்ணு பெங்களூர்ல வேலை. முதல் போனஸ்ல அப்பாவுக்கு ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கு. ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட, யுபிஐல பணம் அனுப்பி. பில் கேக்கலை. ஏழு மாசத்துல வாட்ச் நின்னுபோச்சு. இவரே கார்டை எடுத்துக்கிட்டு அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கார். கார்டு உண்மையானது, சீரியல் நம்பர் சரி, டீலர் முத்திரையும் இருக்கு, ஏதோ வெளிநாட்டு டீலர். ஆனா கார்டுல இருந்த தேதி, பொண்ணு வாங்கினதுக்கு 26 மாசம் முன்னாடி. வாரண்டி 2 வருஷம். அதாவது பொண்ணு பணம் கட்டின அன்னைக்கே வாரண்டி செத்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது.

விக்கிறவருக்கு போன் போட்டிருக்கார். பதில்: "வாரண்டி கார்டு இருக்குன்னுதான் சார் சொன்னேன், கார்டு இருக்கே?" அதுக்கப்புறம் நம்பர் பிளாக்.

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 68,000 ரூபாய். கட்டிட்டார். "பொண்ணு தீபாவளிக்கு வரும்போது கையில வாட்ச் இருக்கணும் டாக்டர், நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்." எக்கோவுக்கு காசு இல்லைன்னு இல்லை, இன்னொரு எஃப்டியை உடைக்க மனசு வரலை. அவ்வளவுதான் விஷயம். நான் இந்த த்ரெட் எழுதறதுக்கும் அதுதான் காரணம்.

இதுல யார்மேல தப்பு? உடனே "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்"னு சொல்லத் தோணும். சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா அவ்வளவு சுலபமில்லை. ஐரோப்பாவுல இந்தக் கேள்வி 40 வருஷத்துக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போயிருக்கு, அதுவும் வாட்ச் விஷயமாவே. 1985ல ஸ்வாட்ச் வழக்கு. அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர்கிட்ட வாங்கினவங்களுக்கு மட்டும்தான் கியாரண்டி, வேற வழியில வந்த ஸ்வாட்ச்சுக்கு கிடையாதுன்னாங்க. ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு, போட்டியை நசுக்கற வேலைன்னு. பிரமாதம்! ஆனா 1994ல கார்ட்டியே வழக்கு. ஜெர்மனியில மெட்ரோங்கற மொத்த வியாபார நிறுவனம் வெளி வழியில வாங்கின கார்ட்டியே வாட்ச்சை வித்தது, கார்ட்டியே அதுக்கெல்லாம் இலவச கியாரண்டி தர முடியாதுன்னு சொன்னது. இந்தத் தடவை அதே நீதிமன்றம் கார்ட்டியே பக்கம் நின்னது. குறிப்பிட்ட தகுதி உள்ள கடைகளை மட்டும் தேர்ந்தெடுத்து விக்கற முறை சட்டப்படி சரின்னா, கியாரண்டியை அந்தக் கடைகளோட நிறுத்திக்கறதும் சரிதான்னு. பெரிய பிராண்டுகள் இன்னைக்கும் நிக்கறது இந்தத் தீர்ப்போட தரையிலதான்.

அமெரிக்காவுல வேற கூத்து. காஸ்ட்கோ கடை ஒமேகா சீமாஸ்டரை கிரே வழியில வாங்கி 1,299 டாலருக்கு வித்தது. கம்பெனி சொன்ன விலை 1,995. ஒமேகா என்ன பண்ணிச்சுன்னா, வாட்ச்சோட பின்பக்கம் அரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு சின்ன உலக உருண்டையைப் பொறிச்சு, அதுக்குக் காப்புரிமை பதிஞ்சு, "எங்க படத்தை அனுமதியில்லாம இறக்குமதி பண்ணிட்டாங்க"ன்னு கேஸ் போட்டது. 2010ல உச்ச நீதிமன்றத்துல 4க்கு 4னு சமமாப் பிரிஞ்சு நின்னது. கடைசியில 2015ல காஸ்ட்கோதான் ஜெயிச்சது. ஆனா கவனிங்க, ஜெயிச்சது விக்கற உரிமை மட்டும்தான். கம்பெனி வாரண்டி கொடுக்கணும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலை. நியூயார்க்குல தனிச் சட்டமே இருக்கு. இந்தப் பொருளுக்கு அமெரிக்காவுல செல்லுபடியாகற கம்பெனி வாரண்டி இல்லைன்னா, அதைக் கடைக்காரர் வெளிப்படையா எழுதி வைக்கணும்.

நம்ம நாட்டுல? 2012ல டெல்லி உயர் நீதிமன்றத்துல சாம்சங் பிரிண்டர் வழக்கு. வெளிநாட்டுல வாங்கின ஒரிஜினல் சாம்சங் பிரிண்டரை இங்க கொண்டு வந்து விக்கலாமான்னு கேள்வி. இரண்டு நீதிபதி அமர்வு விக்கலாம்னு சொல்லிச்சு. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது, எனக்கு ரொம்பப் பிடிச்ச நிபந்தனை. கடையில எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி போர்டு வைக்கணும்: இது இறக்குமதிச் சரக்கு, சாம்சங் இதுக்கு வாரண்டி தராது, வாரண்டியும் சர்வீஸும் எங்க பொறுப்பு. அது பிரிண்டர் வழக்குதான், அந்தக் கடைக்காரங்களுக்குச் சொன்னதுதான். ஆனா அந்த மூணு வரியை ஒவ்வொரு இன்ஸ்டா வாட்ச் பேஜும் தன் பயோவுல போட்டா எவ்வளவு பேர் தப்பிப்பாங்க!

என் கருத்தைச் சொல்லிடறேன். வேற ஆஸ்பத்திரியில போட்ட தையல் பிரிஞ்சு சீழ் வச்சு ஒருத்தர் எங்ககிட்ட வந்தா, எங்க போட்டதுன்னு கேப்போம், ஆனா திருப்பி அனுப்ப மாட்டோம். சுத்தம் பண்ணி மறுபடி தையல் போடுவோம். பில் உண்டு. அது நியாயம், நாங்க போட்ட தையல் இல்லையே. ஆனா நாங்களே போட்ட தையல் பிரிஞ்சு வந்தா, "அட்மிஷன் போடும்போது எந்த ஆம்புலன்ஸ்ல வந்தீங்க? எங்க ஆம்புலன்ஸ் இல்லையா, அப்போ பில் கட்டுங்க"ன்னு சொன்னா ஒத்துப்பீங்களா? கம்பெனி பண்றது இதுதான். வாட்ச் அவங்க தொழிற்சாலையில செஞ்சது. உள்ள ஒரு சக்கரம் சரியில்லைன்னா அது சுவிட்சர்லாந்துல நடந்த தப்பு. வாட்ச் எந்த வழியா வந்ததுங்கறது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. கடையோட சேவை, தள்ளுபடி, இலவச பாலிஷ் எல்லாம் டீலர்கிட்ட வாங்கினவங்களுக்கு மட்டும்னு வச்சுக்கட்டும். தயாரிப்புக் குறைக்கான வாரண்டி மட்டும் வாட்ச்சோட போகணும். 1985 தீர்ப்புதான் எனக்கு நியாயமாப் படுது, 1994 தீர்ப்பு இல்லை.

இன்னொண்ணும் இருக்கு. அந்த சரக்கை கிரே மார்க்கெட்டுக்குத் தள்ளினதே கம்பெனியோட சொந்த டீலர்தான். டீலரைப் பிடிக்க வேண்டியதுதானே, வாங்கினவரை எதுக்குத் தண்டிக்கணும்?

ஆனா ஹெட்மாஸ்டர் விஷயத்துல கம்பெனியைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம்தான். அங்க தப்பு முழுக்க விக்கிறவர்மேல. பழைய தேதி தெரிஞ்சே, "கார்டு இருக்கு"ன்னு உண்மையைச் சொல்லி ஏமாத்தினார். பொய் சொல்லி ஏமாத்தறதை விட இது மோசம்னு நான் நினைக்கிறேன்.

சரி, அப்போ கிரே மார்க்கெட்ல வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டு வாங்குங்க. உதாரணத்துக்கு ஷோரூம்ல 5 லட்சம், இவர் 4 லட்சம்கறார். அந்த 1 லட்சம் தள்ளுபடி இல்லை. கம்பெனி கையில இருந்த ரிஸ்க்கை நீங்க வாங்கிக்கறதுக்கான கூலி. ஒரு முழு சர்வீஸுக்கு 70 ஆயிரம்னு வச்சா, ஒரு தடவை ரிப்பேர் ஆனாலும் 30 ஆயிரம் மிச்சம். அந்தக் காசைத் தனியா எடுத்து வைக்க முடிஞ்சா வாங்குங்க, அறிவாளித்தனம்தான். அதே வாட்ச் 4.70ன்னா? 30 ஆயிரத்துக்காக அஞ்சு வருஷ வாரண்டியை விக்கறீங்க. வேண்டாம். ஷோரூம்ல கிடைக்காத மாடலுக்கு ஷோரூம் விலையை விட அதிகம் கொடுத்து, வாரண்டியும் பாதி தீர்ந்து போனதை வாங்கறவங்களும் இருக்காங்க. அது ஆசை. ஆசைக்கு என்கிட்ட ப்ரிஸ்கிரிப்ஷன் இல்லை.

"எங்க கடையே 2 வருஷம் வாரண்டி தரும் சார்"னு சொல்வாங்க. வெளிநாட்டுல பெரிய கிரே கடைகள் இப்படித்தான் சொந்த வாரண்டி தருது, சில கடை ஒழுங்காவே பண்ணுது. ஆனா மூணு கேள்வி கேளுங்க. யார் பிரிப்பாங்க? உதிரி பாகம் எங்கிருந்து வரும்? எழுத்துல தருவீங்களா? ரெண்டாவது கேள்வி ஏன்னா, பல பெரிய பிராண்டுகள் வெளி ரிப்பேர்காரங்களுக்கு ஒரிஜினல் பாகமே விக்கறதில்லை. ஐரோப்பாவுல சுதந்திரமா தொழில் பண்ற வாட்ச் ரிப்பேர்காரங்க இதை எதிர்த்து வருஷக்கணக்கா போராடி, 2017ல கோர்ட்டுல தோத்தாங்க. பாகம் இல்லைன்னா என்ன பண்ணுவார்? வேற கம்பெனி பாகத்தைப் போடுவார். வாட்ச் ஓடும். நாளைக்கு நீங்க கம்பெனி சர்வீஸுக்குப் போனா, "வெளிப் பாகம் இருக்கு, அதையெல்லாம் மாத்தினாத்தான் தொடுவோம்"னு இன்னொரு பில் போடுவாங்க. கம்பெனி வாரண்டி மிச்சமிருந்து, வெளியாள் பின்மூடியைத் திறந்திருந்தா அதுவும் போச்சு.

சீரியல் நம்பரைச் சுரண்டின வாட்ச்சைத் தொடவே தொடாதீங்க. எந்த டீலர் வெளியே விட்டார்னு கம்பெனி கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சில பேர் சுரண்டுவாங்க. திருடினவங்களும் சுரண்டுவாங்க. எதுன்னு உங்களுக்குத் தெரியாது.

தேதி போடாத காலி கார்டு தர்றேன், நீங்களே தேதி எழுதிக்கங்கன்னு ஒருத்தர் சொன்னா? ரொம்ப நல்லவர் மாதிரி தெரியும். சர்வீஸ் சென்டர்ல சீரியல் நம்பரைத் தட்டினா எப்போ, எந்த நாட்டுக்கு அனுப்பினதுன்னு அவங்களுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கு. கேள்வி வரும்போது பேனா உங்க கையில இருந்திருக்கும்.

பில் பத்தி தனியா சொல்லணும். "பில் இல்லாம வாங்கினா இன்னும் 10 குறைப்பேன்"னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க. ஏன்னா சுங்கச் சட்டத்துல 123வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சாதாரணமா ஒரு பொருள் கடத்தல்னு அதிகாரிகள்தான் நிரூபிக்கணும். ஆனா அந்தப் பிரிவு தங்கத்தையும் வாட்ச்சையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கு. கடத்தல் பொருள்ங்கற நியாயமான நம்பிக்கையில பறிமுதல் பண்ணினா, கடத்தல் இல்லைன்னு நிரூபிக்கற பொறுப்பு வச்சிருக்கறவரோடது. குருவிங்க கைல கட்டிக்கிட்டு வந்த வாட்ச் உங்ககிட்ட வந்து சேர்ந்திருந்தா, வாரண்டி போனது சின்ன பிரச்சனை. 10 லட்சத்துக்கு மேல போற வாட்ச்சுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து விக்கிறவர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கணும். பில்லே வேண்டாம்னு சொல்றவரோட அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

பழசு வாங்கறதுல தப்பில்லைன்னு நினைக்கறவங்களுக்கு இன்னொரு வழி. ரோலெக்ஸ் 2022 டிசம்பர்ல சர்டிஃபைடு ப்ரீ ஓன்டுன்னு ஆரம்பிச்சாங்க. அதுல டீலரே விக்கற பழைய வாட்ச்சுக்கு கம்பெனி சரிபார்த்து 2 வருஷ வாரண்டி தருது. விலை அதிகம்தான், ஆனா நிம்மதிக்கும் சேர்த்து விலை.

ஏற்கனவே வாங்கிட்டீங்க, வாட்ச் மக்கர் பண்ணுதுன்னா, முதல்ல பதறாதீங்க. திடீர்னு ஒரு நாளைக்கு சில நிமிஷம் வேகமா ஓடுதுன்னா பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், டேப்லெட் கவர், ஹேண்ட்பேக் பட்டன் எல்லாத்திலும் காந்தம் இருக்கு. உள்ளே இருக்கற மெல்லிய சுருள் கம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மூடியைத் திறக்காமலே ஒரு நிமிஷத்துல சரி பண்ற கருவி நல்ல ரிப்பேர்காரர்கிட்ட இருக்கும். கண்ணாடிக்குள்ள ஆவி தெரிஞ்சா மட்டும் அன்னைக்கே ஓடுங்க, துரு காத்திருக்காது. (எம்ஆர்ஐ அறைக்குள்ள எந்த வாட்ச்சும் வேண்டாம். இது மட்டும் டாக்டரா சொல்றேன்.)

கம்பெனி வாரண்டி மறுத்தா, என்ன காரணம்னு எழுத்துல வாங்கிக்கங்க. அப்புறம் விக்கிறவர் போட்ட விளம்பரம், சாட், யுபிஐ ரசீது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, பிளாக் பண்றதுக்கு முன்னாடி. இல்லாத வாரண்டியை இருக்கற மாதிரி காட்டறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பில் தராததும் அதே சட்டத்துல அதே பட்டியல்ல இருக்கு. ஆன்லைன்ல விக்கறவங்க வாரண்டி விவரத்தை முன்கூட்டியே சொல்லணும்னு 2020 இ-காமர்ஸ் விதியும் இருக்கு. முதல்ல 1915க்கு போன் பண்ணுங்க. சரிவரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், விக்கிறவர் எங்க இருந்தாலும். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ஹெட்மாஸ்டர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொண்ணு பேர்ல வாங்கினது, புகார் போட்டா பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்னு மறுத்துட்டார். ரெண்டு வருஷ கெடு முடிய இன்னும் மாசங்கள் இருக்கு, ஒவ்வொரு விசிட்லயும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எக்கோ மட்டும் போன வாரம் எடுத்தாச்சு.